பதினான்காவது கையெழுத்து

இரவு ஒன்பதே கால்.
சாயப்பட்டறை ஷிப்ட் விட்டு வந்தவர்கள்
நீல விரல்களோடு கை கழுவக் காத்திருக்கிறார்கள்.
ஒருவனுக்கு மட்டும் சிவப்பு.
நாளைக்கு அவனும் நீலமாகலாம்,
ஆர்டரைப் பொறுத்து.

மா தாரிணி ஓட்டல், வேலம்பாளையம் கிளைச் சந்து.
பலகையில் மூன்று மொழிகள்.
தமிழில் மட்டும் 'ஓட்டள்'.

முன்பு இங்கே தவமணியக்கா மெஸ் இருந்தது.
அதற்கும் முன்னால் நூல்கோன் மூட்டை அடுக்கும் குடோன்.
தொண்ணூத்தெட்டில் சிவகங்கைப் பக்கமிருந்து
நாங்கள் ஆறு பேர் வந்திறங்கினோம்.
தெக்கத்தியானுக என்றார்கள்.
ரூம் கேட்டால்
கருவாடு வறுப்பீங்களா என்று விசாரித்த பிறகுதான்
வாடகையைச் சொன்னார்கள்.
வறுக்க மாட்டோம் என்றோம்.
வறுத்தோம்.

என் சட்டைப் பையில்
நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கிறது.
காலையில் வீட்டுக்காரர் சென்னியப்பன் கொடுத்தது.
உயர்திரு ஆணையாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து
கடுகெண்ணெய்ப் புகை, மீன் வாடை,
குடியிருப்போர் சொல்லொணா அவதி என்று போகிறது.
கீழே பதிமூன்று கையெழுத்து.
'நீங்களும் ஒண்ணு போட்டுட்டு
அப்படியே மூலை வீட்லயும் வாங்கிருங்' என்றார்.
மூன்று வருஷமாக வாடகை ஏற்றாத மனுஷன்.
சரிங்க என்றேன்.
இத்தனை வருஷமாகியும் என் வாயில் அந்த 'ங்க'
இரவல் சட்டை மாதிரி
தோளில் கொஞ்சம் பிடிக்கிறது.

'ஏனுங்ணா, இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்ளா?'
கேட்பது சுகாந்தி பெஹரா.
கேந்திரபாடாக்காரி.
இங்கே வந்து தமிழ் பிடித்தவள்,
தமிழென்றால் இப்படித்தான் என்று நம்பிப் பிடித்தவள்.

தால்மா.
பருப்போடு வாழைக்காய், பப்பாளிக்காய், பரங்கி,
மேலே வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும்.
முதல் நாள் சாம்பார் என்று நினைத்து ஊற்றி
முகம் சுளித்தேன்.
அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்
ஒரு அப்பளம் வைத்தாள்.
அந்த அப்பளத்துக்கு இன்றுவரை காசு எழுதவில்லை.

அடுப்படியில் பிரஃபுல்லா மீனைத் திருப்புகிறான்.
ஓவர்லாக் ஓட்டியவன்.
ஆர்டர் நின்ற மாசம் மெஷினை விட்டுவிட்டுச்
சட்டியைப் பிடித்தான்.
அரிசி மூட்டைமேல் பையன்
குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறான்.
மூன்றாம் வகுப்பு, முனிசிபல் பள்ளிக்கூடம்.

எண்பது ரூபாய் எடுக்கும்போது
தாளும் கூடவே வந்து
தண்ணீர் சிந்திய மேசையில் விழுந்தது.

'என்னங்ணா, மனுங்ளா?'
'ஆமா... சாக்கடைக்கு.
சந்துச் சாக்கடை அடைச்சுக்கிருதுல்ல.'
'அட, அதுக்கு நாந்தானுங் மொதல்ல போடோணும்!
மழ பேஞ்சா பூராத் தண்ணியும்
நம்ம கடைக்குள்ளதானுங் வருது.'

முந்தானையில் கையைத் துடைத்தாள். பேனா கேட்டாள்.
கொடுத்தேன்.
கொடுத்தேன் என்பதை இங்கே
மறைக்காமல் எழுத வேண்டும்.

பதிமூன்றுக்குக் கீழே
தலையில் கிண்ணம் கவிழ்த்த எழுத்துகள்
நிதானமாக ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

பையன் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை.
மேசைமேல் தாடையை வைத்து
விரலை ஓட்டினான்.
'உ... யர்... திரு...
ஆ... ணை...'

மடித்துவிட்டேன்.
'நல்லாப் படிக்கிறானே.'
'டீச்சரும் அதேதானுங் சொல்றாங்க.
நாளைக்குக் கெண்டைங்ணா. நேரத்துல வந்துருங்.'

வெளியே சாக்கடை நிஜமாகவே நிரம்பித்தான் நின்றது.
ஒரு செங்கல், அப்புறம் ஒரு உடைந்த டைல்ஸ்,
அப்புறம் கால் வைக்க ஒன்றுமில்லை.
தெருவிளக்கடியில் தாளைப் பிரித்தேன்.
சோப்புப் போட்டுக் கழுவிய விரலில் கடுகு வாசம்.
எண்ணினேன். பதினான்கு.

மாடிக் கம்பியைப் பிடித்தபடி
சென்னியப்பன் எட்டிப் பார்க்கிறார்.
'போட்டாச்சுங்ளா?'

அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர்
எனக்கு நேராக அந்தச் சாக்கடையில் வந்து விழுகிறது.

'ஒண்ணு சேர்ந்திருக்குதுங்க' என்கிறேன்.